ஆறு பேர் கரையேறினார்கள்

தொதல் கிண்டுவது லேசுப்பட்ட வேலை என்று யாராவது சொன்னால், அவர்களைக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் நாலு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் ஒன்றாகி, எண்ணெய் கக்கி, தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கை ஓயக் கூடாது. கொஞ்சம் அசந்தாலும் அடிப்பிடித்துவிடும். கல்யாண வீட்டுத் தொதல் அடிப்பிடித்தது என்றால் வெள்ளவத்தையிலிருந்து மருதானைவரை ஒரு வருடத்துக்குப் பேசுவார்கள். பேசுவதற்கென்றே பிறந்தவர்கள் எந்த ஊரில்தான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஹமீமா வெள்ளவத்தை வீட்டில் அப்படித்தான் அகப்பையும் கையுமாக நின்றாள். வெள்ளிக்கிழமை அவள் மகள் ஜவாஹிறாவுக்கு நிக்காஹ். ஒரே மகள், பதினெட்டு வயது. ஹமீமாவின் கணவர் ஸஹாப்தீனுக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. மூன்று வருடமாக நெஞ்சு வருத்தம். கடைப்படியில் இரண்டு தரம் மயங்கி விழுந்த மனிதர் அவர். “நான் கண்ணை மூட முந்தி இந்த ஊட்டுக்கு ஒரு ஆம்புளப்புள்ள வந்துடணும்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அல்லாஹ் கண்ணைத் திறந்து பார்த்தான். மருதானையிலிருந்து ஷிப்லி கிடைத்தான். இருபத்தொரு வயது, தொழுகை தவறாத பிள்ளை, அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். ஹமீமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொதல் கிண்ட ஆள் வைத்திருக்கலாம். இல்லை, என் மகள் கல்யாணத்துக்கு நான்தான் கிண்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து நின்றாள்.

உதவிக்கென்று மாப்பிள்ளையின் அக்கா ரபீக்கா மருதானையிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். கூடவே மூன்று வயதுப் பெண் குழந்தை. உதவிக்கு வந்தவள் ஒரு தேங்காயாவது திருவினாளா என்றால் இல்லை. குழந்தை விட்டால்தானே! புகையில் கண் எரிகிறது என்று அது ஊரைக் கூட்டியது. கடைசியில் ரபீக்கா அதை மடியில் குப்புறப் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே ஒரு கதையைத் தொடங்கினாள்.

ஓர் ஊரில் கண் தெரியாத தாய். அவளுக்கு ஏழு ஆண்பிள்ளைகள். நடுக்கடலில் ஒரு மாதுளை மரம் நிற்கிறது. அதன் பழச்சாற்றில் இரண்டு சொட்டு விட்டால் குருட்டுக் கண்ணும் திறக்கும். ஏழு பேரும் தோணி ஏறிப் போனார்கள். வழிவிட எனக்கு என்ன தருவாய் என்று கடல் ஒவ்வொருவனாகக் கேட்டது. மூத்தவன் தலைப்பாகையைக் கொடுத்தான். இரண்டாமவன் மோதிரத்தை, மூன்றாமவன் அரைஞாணை, நாலாமவன் வெற்றிலைப் பையை, ஐந்தாமவன் புல்லாங்குழலை. ஆறாமவனிடம் ஒன்றும் இல்லை, தன் நிழலைக் கழற்றிக் கொடுத்தான்.

ஹமீமா சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குத் தெரிந்த கதைதான். ஜவாஹிறா சிறு பிள்ளையாக இருந்தபோது ஆயிரம் தரம் சொல்லியிருப்பாள்.

ஆறாமவன் நிழலைக் கொடுத்த பிறகு ரபீக்கா வாயை மூடிக்கொண்டு முனகினாள். தாழ்ந்து எழும்பி மறுபடி தாழ்கிற ஒரு நீண்ட முனகல். குழந்தையின் முதுகில் மூன்று தட்டு. பிறகு, ஆறு பேரும் பழத்தோடு கரையேறினார்கள், தாய்க்குக் கண் திறந்தது, ஏழு இலை போட்டாள், ஆறு பேர் சாப்பிட்டார்கள், கதை முடிந்தது என்று சொன்னாள். குழந்தை தூங்கிவிட்டது.

ஹமீமாவின் கை நின்றுவிட்டது.

அந்த முனகல் அவளுடையது. அதே இடம், அதே நீளம், அதே மூன்று தட்டு. ஏழாமவன் என்னவானான் என்று ஜவாஹிறா சின்னதில் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவாள். ஹமீமாவுக்குத் தெரியாது, தெரியாது என்றே சொல்லிவந்தாள். அவளுக்குச் சொன்னவள் அப்படித்தான் சொன்னாள். உலகத்தில் வேறு யாரும் இந்தக் கதையை இந்த ஓட்டையோடு சொல்வார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

இது யார் சொன்ன கதை என்று கேட்டாள். குரல் எப்படியோ சாதாரணமாகத்தான் வந்தது.

“கொட்டாஞ்சேனையிலேருந்து ஒரு மனிசி வாறது மாமி, எங்கட ஊட்டுக்கு. தம்பி பொறந்த நேரம். உடுப்புக் கழுவத்தான் வந்த. அவ சென்ன கதை” என்றாள் ரபீக்கா. அப்போது அவளுக்கு ஐந்து வயதாம். மனிசியின் முகம் ஞாபகம் இல்லை, கழுத்தில் கிடந்த சிலுவை மட்டும் ஞாபகமாம்.

தாச்சியிலிருந்து கருகல் வாசம் எழுந்தது. ஐயோ மாமி, அடிப்பிடிக்குது என்று ரபீக்கா ஓடிவந்து அகப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சோனக முஸ்லிம்கள் வீட்டில் கல்யாணம் பேசும்போது பெரியவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று, பிள்ளை யாரிடம் பால் குடித்தது என்பது. ஒரே பெண்ணிடம் பால் குடித்த ஆணும் பெண்ணும் மார்க்கத்தில் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் ஹராம். ஜவாஹிறாவுக்குப் பேசியபோதும் கேட்டார்கள். என் பிள்ளை என் பாலைத்தான் குடித்தது என்று ஹமீமா சொன்னாள். மாப்பிள்ளையின் உம்மா பீபியும் அதையே சொன்னாள்.

ஹமீமா சொன்னது பொய். ஜவாஹிறா பிறந்து பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அப்போது புதிய சோனகத் தெருவில் மாமியாரோடு குடியிருந்தார்கள். பால் இல்லாதவள் என்று தெரிந்தால் அந்த மாமியார் சும்மா விடுகிற ஆள் இல்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஸஹாப்தீன் வியாபாரத்துக்குக் காலிக்குப் போயிருந்தார். ஹமீமாவின் உம்மாதான் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணைப் பிடித்து வந்தாள். பெயர் றஞ்சிதம். உடுப்புக் கழுவுகிறவள் என்று பெயர் பண்ணிக்கொண்டு பின்பக்க வாசலால் வந்து, ஏழு மாதம் ஜவாஹிறாவுக்குப் பால் கொடுத்தாள். பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த ஹமீமா கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கினாள்.

கல்யாணம் பேசும்போது அதைச் சொல்லாமல் விட்டதற்கு ஹமீமா தனக்குத்தானே ஒரு நியாயமும் வைத்திருந்தாள். றஞ்சிதம் வேதக்காரி. அவள் பிள்ளைகளையா என் மகள் கட்டப்போகிறாள்? சொல்லி என்ன ஆகப்போகிறது? அதே றஞ்சிதம் இன்னொரு சோனக வீட்டின் பின்பக்க வாசலாலும் போயிருப்பாள் என்று அவள் புத்திக்கு எட்டவில்லை.

அன்றிரவு அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மருதானையில் அந்த மனிசி உண்மையாகவே உடுப்புத்தான் கழுவியிருக்கலாம். கொட்டாஞ்சேனையில் எல்லாரும் சொல்கிற கதையாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது. புதன்கிழமை காலை, கல்யாணச் சட்டையின் அளவு சரியில்லை, தையற்காரியிடம் போகிறேன் என்று ஸஹாப்தீனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வழக்கமாக வருகிற வாடகைக் கார்க்காரர் நாகேந்திரத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள்.

நாகேந்திரம் யாழ்ப்பாணத்து மனிதர், ஐம்பது வயது. போகிற வழியில் ஹமீமா அவரிடம் கேட்டாள், நடுக்கடல் மாதுளைக் கதை தெரியுமா என்று. ஏன் தெரியாது என்றார் அவர். ஏழாமவன் என்னவானான் என்று கேட்டாள்.

“அவனைத்தானே கடல் எடுத்தது. தாய்க்குக் கண் திறந்தவுடனே முதல் கண்டது அவன் இல்லாததைத்தான். அவள் அழுத கண்ணீர் ஓடித்தான் கடல் உப்பாப் போச்சு. அதுதானே அம்மா கதையே” என்றார் நாகேந்திரம்.

பதினெட்டு வருடமாகத் தான் சொல்லிவந்தது கடல் உப்பான கதை என்பதே ஹமீமாவுக்குத் தெரியாது. உப்பும் இல்லாமல் கண்ணீரும் இல்லாமல் ஒரு பாதிக் கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். ஊரெல்லாம் முழுசாகச் சொல்கிற கதையை ஒரே ஒருத்திதான் இப்படி உடைத்திருக்க வேண்டும்.

றஞ்சிதத்தின் வீடு வேதக்காரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கின ஒழுங்கைக்குள் இருந்தது. கணவன் ஒஸ்வால்ட் துறைமுகத்துக்குப் போயிருந்தான். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் ஹமீமாவைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டாள். தலை நரைத்திருந்ததே தவிர அதே முகம். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிள்ளை எப்படி இருக்கு என்றுதான் முதலில் விசாரித்தாள். ஹமீமா அதற்குப் பதில் சொல்லவில்லை. மருதானையில் பீபி வீட்டில் நீ உடுப்பா கழுவினாய் என்று கேட்டாள்.

றஞ்சிதம் எழும்பிப் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அங்கேயும் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஹமீமா அழத் தொடங்கியதைக் கண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். இல்லை அம்மா, ஷிப்லி தம்பிக்கு ஒன்பது மாதம் பால் கொடுத்தேன், பிறகு என் மகள் றோஸி பிறந்த காலத்தில் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்றாள்.

முடிந்தது. ஹமீமாவுக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை. எழும்பியிருக்கலாம். ஆனால் ஏழாமவனின் இடத்தில் ஏன் முனகினாய் என்று கேட்டாள்.

“எனக்கு முதல் பிள்ளை ஒண்டு இருந்தது அம்மா. நோபேட். மூண்டு மாசத்தில போயிட்டான். அவனை அடக்கி எட்டாம் நாள்தான் மருதானையில வந்து கூப்பிட்டினம். பால் கட்டி நெஞ்சு வலிச்சுக்கொண்டு கிடந்தது, போனனான். ஷிப்லி தம்பியை மடியில வச்சு எங்கட அம்மா சொன்ன கதையைச் சொல்ல வெளிக்கிட்டன். ஏழாமவனிட்ட வந்தவுடனே வாய் வரேல்ல. கடல் எடுத்திட்டுது எண்டு சொல்லேலாமப் போச்சு. கரைக்கு வந்தான் எண்டு பொய் சொல்லவும் ஏலாது. முனகினன். பிறகு எப்ப சொன்னாலும் அந்த இடத்தில அப்பிடித்தான்.”

அதற்குப் பிறகு தன் சொந்த மகள் றோஸிக்குக்கூட அந்தக் கதையை அவள் சொன்னதில்லையாம். அது அந்த இரண்டு சோனகப் பிள்ளைகளோடு நின்றுவிட்டதாம்.

மூன்று மாதம் மட்டும் இந்த உலகத்தில் இருந்துவிட்டுப் போன ஒரு குழந்தை. அதன் பெயர்கூட இன்றுதான் ஹமீமாவுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்காக மருதானையில் ரபீக்கா முனகியிருக்கிறாள். புதிய சோனகத் தெருவில் ஹமீமா முனகியிருக்கிறாள். ஜவாஹிறா பொம்மையை மடியில் வைத்து முனகியிருக்கிறாள். முந்தாநாள் பேசப் பழகின ரபீக்காவின் குழந்தையும் இன்னும் இரண்டு வருடத்தில் முனகும். எதற்கென்று ஒருத்திக்கும் தெரியாது. ஒரு தாயால் சொல்ல முடியாமல் போனது இருபத்தொரு வருடம் வாய் மாறி வாய் வந்து, கல்யாணத்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் அடுப்படியில் அவள் முன்னால் வந்து நின்றிருக்கிறது. யா அல்லாஹ், இது உன் வேலை இல்லாமல் வேறு யார் வேலை என்று அவள் மனதுக்குள் நடுங்கினாள்.

ஜவாஹிறாவுக்கு மாப்பிள்ளை ஷிப்லிதான் என்று ஹமீமா சொன்னதும் றஞ்சிதம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஹமீமா புறப்படும்போது றஞ்சிதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நான் வாய் திறக்க மாட்டன் அம்மா. உங்களுக்குச் சத்தியம் பண்ணினனான். எல்லாம் உங்கட கையிலதான்.”

அதுதான் பெரிய தொல்லை. அவள் கையில்தான். ரபீக்காவுக்கு ஒன்றும் தெரியாது. பீபி செத்தாலும் சொல்ல மாட்டாள். ஹமீமா வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடக்கும், ஸஹாப்தீன் நிம்மதியாக மூச்சு விடுவார், ஜவாஹிறா சிரிப்பாள். வாயைத் திறந்தால் மகளுடைய கல்யாணமும் போய், பதினெட்டு வருடத்துப் பொய்யும் வெளியே வந்து, நெஞ்சு வருத்தக்கார மனிதர் என்னவாவாரோ. கார் காலிக்குப் போகும் வீதி நெடுகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வீடுகளின் இடைவெளியில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஹமீமா அந்தப் பக்கம் திரும்பவே பயந்தாள். சொல்ல முடியாதவள் ஒருத்தி முனகிவிட்டாவது போனாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று தன்னையே கேட்டாள். தெரியாமல் செய்தால் தவறு. இப்போது தெரிந்துவிட்டது. அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறக்கிற பேரப்பிள்ளையை எந்தக் கையால் தூக்குவது?

வியாழக்கிழமை காலை, ஸஹாப்தீன் சாய்மனைக் கதிரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துக்கொண்டே போனது. கடைசியில் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டார்.

“அண்டைக்கு உங்கட உம்மாக்குப் பயந்து சொல்லல்ல. இண்டைக்கு அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றேன்” என்றாள் ஹமீமா.

கோப்பையைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பிடித்து எழும்பி நின்று, “என்ட செருப்ப எடு. ஆலிம்சாட்ட பெய்த்து வாறேன்” என்றார்.

மார்க்கம் படித்த ஆலிம் நிறையக் கேட்கவில்லையாம். பால் கொடுத்தவள் எந்த மார்க்கம் என்பது கணக்கில்லை, இரண்டு வயதுக்குள் ஐந்து தரம் வயிறாரக் குடித்ததா என்பதுதான் கணக்கு என்றாராம். ஐந்து தரமா? ஏழு மாதமும் ஒன்பது மாதமும். இதில் பேச்சே இல்லை, அவர்கள் நானா தங்கச்சி, அண்ணன் தங்கை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பின்னேரம் இருவரும் மருதானைக்குப் போனார்கள். பீபியா ஒப்புக்கொள்கிறவள்? அவள் ஆடின ஆட்டத்தை என்னவென்று சொல்ல! மகளைத் தர மனமில்லாமல் கதை கட்டுகிறீர்கள் என்றாள். என் மகனுக்கு என் பால் போதாமல் போனதா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். குர்ஆனைக் கொண்டுவா, தொட்டுச் சொல்கிறேன் என்றுகூடக் கத்தினாள். ஹமீமா அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், ஓர் ஊரில் கண் தெரியாத தாய் என்று தொடங்கினாள். தலைப்பாகை போனது, மோதிரம் போனது, அரைஞாண் போனது. பீபியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆறாமவன் நிழலைக் கழற்றிக் கொடுத்ததோடு ஹமீமா நிறுத்திவிட்டாள்.

அந்த அறையில் முனகல் கேட்டது. பீபி முனகினாள். தான் முனகுகிறோம் என்று தெரியாமலே, கண்ணைத் திறந்துகொண்டு, தாழ்ந்து எழும்பி மறுபடி தாழ்ந்து. முடிந்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. அப்படியே முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். கதவருகில் நின்ற ரபீக்கா சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள். அடுத்த அறையிலிருந்து ஷிப்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஜவாஹிறாவிடம் ஹமீமாதான் சொன்னாள். பிள்ளை கத்தவில்லை, ஏசவில்லை. கைக்கு வைத்த மருதோண்டியைக் கழுவாமல் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், வெள்ளிக்கிழமை பகல்வரை எழும்பவில்லை. வர வேண்டாம் என்று உறவுக்காரருக்கெல்லாம் ஆள் அனுப்பினார்கள். மணவறைக்குக் கட்டின வெள்ளைத் துணியை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வரவிருந்த ஒரு ஆண்பிள்ளையையும் நானே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன் என்று ஹமீமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஜும்மாத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஷிப்லி வந்தான். நிக்காஹ் நடந்திருக்க வேண்டிய நேரம் அது. கூட ரபீக்கா மட்டும் இருந்தாள். மாப்பிள்ளைக் கோட்டு இல்லை, வெறும் வெள்ளைச் சட்டையும் சாரமும். ஸஹாப்தீன் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார், முடியவில்லை. ஷிப்லி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, வாப்பா, மருந்து குடித்தீர்களா என்று கேட்டான்.

பிறகு நேரே உள்ளறை வாசலுக்கு நடந்தான். அங்கே திரை தொங்கியது. கல்யாணம் பேசி எட்டு மாதம், அவன் ஜவாஹிறாவின் முகத்தைக் கண்டதில்லை. நிக்காஹ் முடியும்வரை மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. ஹமீமா பழக்கத்தில் பதறிப்போய் அவனை மறிக்க எழும்பினாள். எழும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மறிக்க முடியாது. அண்ணனுக்குத் தங்கையிடம் திரை இல்லை. மாப்பிள்ளையாக வெளியே நிற்க வேண்டியிருந்தவனுக்கு இந்த வீட்டில் இனி எந்த வாசலும் திறந்துதான் இருக்கும். ஹமீமா எழும்பின இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ஷிப்லி திரையைத் தொடவில்லை. வெளியில் நின்று, “தங்கச்சி” என்று கூப்பிட்டான்.

ரபீக்கா அழத் தொடங்கினாள். பிறகு உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, பாதங்கள் நடந்து வந்தன. மருதோண்டி காய்ந்து உதிர்கிற ஒரு கை திரையின் ஓரத்தைப் பிடித்து விலக்கியது. அழுது வீங்கின முகத்தோடு, முக்காடும் இல்லாமல், ஜவாஹிறா அவனை அண்ணாந்து பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“உள்ளுக்கு வாங்க நானா” என்றாள் அவள்.